நாற்பத்தெட்டு டன் படிப்பு

என் அண்ணிக்கு உலகத்தில் எல்லாமே கிலோதான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். அங்கே மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. இஸ்திரி போட்டு மடித்து அடுக்கிய துணியின் எடைக்குத்தான் கூலி. பதினான்கு வருடம் அப்படிச் சம்பாதித்த ஒருவருக்குப் பணம் பணமாகத் தெரியுமா? செருப்புக் கடையில் ஒரு ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நாப்பது கிலோ சொல்றான். முப்பதுன்னா குடுக்கலாம்" என்பார். கடைக்காரன் செருப்பையும் பார்ப்பான், அண்ணியையும் பார்ப்பான். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கிலோ அக்கா.

அவருக்கு வாய்த்த புருஷன், அதாவது என் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அவன் இன்னும் மோசம். வீட்டுக்கு நாலு விருந்தாளி வந்தால் "வாங்க" என்று சொல்வதற்கு முன்பு அவன் கண் அவர்களை எடை போட்டு முடித்திருக்கும். ஜாடிக்கேற்ற மூடி. இந்த இரண்டு தராசுகளுக்கும் நடுவில் நான் ஒருத்தி, அங்குலமும் மீட்டரும் பேசுகிற தையல்காரி. இரண்டாம் மாடியில் மூன்று அறை. ஜன்னல் இருக்கிற முன் அறையில் என் தையல் மெஷின். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டேன். நாத்தனார் என்றால் ஊரில் ஒரு நினைப்பு உண்டே, கோபக்காரி, வாய்க்காரி, காரியக்காரி என்று. என் விஷயத்தில் அந்த நினைப்பு மூன்றுக்கு மூன்றும் சரி.

காரியக்காரி என்று ஏன் சொல்கிறேன் என்றால், காலைச் சமையலும் ராத்திரிச் சமையலும் அண்ணிதான். அதுபோக வேலையிலிருந்து வந்து ஒரு டீ குடித்ததும், நான் அன்றைக்குத் தைத்து வைத்திருக்கிற துணிகளுக்கெல்லாம் இஸ்திரி போட்டுத் தருவார். என் தையல் சுமார் ரகம்தான். காலர் ஒரு பக்கம் கொஞ்சம் கோபித்துக்கொண்டு நிற்கும். அண்ணி பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் அந்தக் காலர் சமாதானமாகிவிடும். "உங்க தையல் மாதிரி வராதுங்க" என்று வாடிக்கைக்காரர்கள் சொல்லும்போது நான் வெட்கமே இல்லாமல் தலையாட்டுவேன்.

இப்படி எனக்குச் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் அந்தப் பெரிய சிஸ்டர் சலவைக்கூடத்துக்குப் படியிறங்கி வந்தார்.

வந்ததற்குக் காரணம் அண்ணியின் வாய். மாதத்தில் ஒரு வாரம் அவருக்கு வார்டுகளிலிருந்து வருகிற அழுக்குத் துணியைப் பிரித்துப் போடுகிற முறை. ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் கட்டில் எண் தைத்திருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரிப்பார்கள். அண்ணி விரித்துப் பார்த்துப் பிரிப்பார். ஒருநாள் துணி எடுக்க வந்த ஆயாவிடம், "பதினெட்டாம் நம்பர் கட்டில்ல இருக்கறவர மூணு நாளா யாரும் திருப்பிப் படுக்க வைக்கலைன்னு உங்க சிஸ்டர்கிட்ட சொல்லு. ஈரமும் கசங்கலும் ஒரே இடத்துல இருக்கு. புண்ணு வந்துடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மேலே போய்ப் பார்த்தால் அந்த மனிதரின் இடுப்பில் தோல் சிவந்து, கிழியத் தயாராக இருந்ததாம்.

பெரிய சிஸ்டர் என்பவர் அந்த ஆஸ்பத்திரி நர்சுகளுக்கெல்லாம் தலைவி. அவர் இறங்கி வந்து, "யார் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார். வேலை போயிற்று என்று அண்ணி முன்னால் வந்து நின்றிருக்கிறார்.

"நீங்க ஏம்மா இங்க துணி மடிச்சுட்டு இருக்கீங்க?" என்று கேட்டாராம் அவர். "ஒரு வருஷ நர்சிங் சர்டிஃபிகேட் இருக்கு. படிச்சுட்டு வாங்க. எனக்கு வார்டுல ஆள் வேணும். நாப்பத்திரண்டு வயசு முடிஞ்சுட்டா சேத்துக்க மாட்டாங்க, பாத்துக்குங்க."

அண்ணிக்கு அப்போது நாற்பத்திரண்டு நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் கிடையாது. அன்று வீட்டுக்கு வந்தவர் என் துணிக்கு இஸ்திரி போட மறந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன்.

மறுநாளிலிருந்து படிப்பு தேடுகிற படலம். முதலில் பார்த்தது கடைத்தெருவில் இருக்கிற கண்ணாடிக் கட்டடம். உள்ளே போனால் குளிரில் பல் தந்தியடித்தது. டை கட்டின ஒருவர் எங்களை உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, "படிப்பு முடிஞ்ச அன்னிக்கே வேலை மேடம்" என்றார்.

"அத எழுதிக் குடுப்பீங்களா?" என்றார் அண்ணி.

"வேலை வாய்ப்புன்னு எழுதிக் குடுப்போம் மேடம்."

"வாய்ப்பு எங்ககிட்டயே இருக்குங்க. வேலை இருந்தாச் சொல்லுங்க" என்று அண்ணி எழுந்துவிட்டார். அங்கே கேட்ட தொகையை அண்ணி கிலோவாக்கிச் சொன்னதும் அண்ணன், "எழுபது டன்னா! அது படிப்பா, இல்ல லாரியா?" என்றான்.

இரண்டாவது, ஆஸ்பத்திரியே நடத்துகிற வகுப்பு. சல்லிக்காசு வேண்டாம். ஆனால் படித்து முடித்தபின் ஐந்து வருடம் பாதிச் சம்பளத்தில் அங்கேயே உழைக்க வேண்டும். நடுவில் விட்டுப் போனால் மூன்று மடங்கு கட்ட வேண்டும். பாதிச் சம்பளம் என்பது அண்ணி இஸ்திரியில் வாங்குவதைவிடக் குறைவு. "படிப்பு இலவசம்தான், கையக் கட்டுற கயிறும் இலவசமாத் தர்றாங்க" என்று அந்தத் தாளை அண்ணி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது, பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற அரசாங்கத் தொழிற்பள்ளி. பெயின்ட் உதிர்ந்த சுவர், கால் ஆடுகிற பெஞ்சு, சரியான படிப்பு. பகலில் வகுப்பு, சனி ஞாயிறு விடுமுறை. விடுமுறை நாளில் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட உட்கார்ந்தோம். உட்கார்ந்தது அவர்கள் இரண்டு பேரும். நான் பொத்தான் தைக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"செலவ நான் போடறேன், வரவ நீங்க போடுங்க" என்று அண்ணி வேலையைப் பிரித்துக் கொடுத்தார். குடும்பம் என்றால் பிரித்துச் செய்ய வேண்டும் அல்லவா?

அண்ணியிடம் ஒரு நோட்டு உண்டு. தள்ளுவண்டியில் துணி அவர் மேசைக்கு வரும்போது அதன் எடையை அதில் குறித்துக்கொள்வார். அதன்படி மாதம் மூவாயிரம் கிலோ. தொழிற்பள்ளிக் கட்டணம், சீருடை, வெள்ளைச் செருப்பு, புத்தகம், பரீட்சைக் கட்டணம், பேருந்து எல்லாம் சேர்த்தால் எட்டு மாதக் கூலி. படிக்கிற வருடத்தில் வார நாள் வேலை போவதால் நஷ்டம் இன்னொரு எட்டு மாதக் கூலி. ஆகப் பதினாறு மாதம், நாற்பத்தெட்டாயிரம் கிலோ.

"நாப்பத்தெட்டு டன்" என்றார் அண்ணி மெதுவாக.

"எங்க லிஃப்ட் அறுநூறு கிலோ தாங்கும். எண்பது நடை" என்று அண்ணன் தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தான்.

அடுத்து அவன் வரவைப் போட்டான். "கிலோவுக்கு என்ன கூலி?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சர்டிஃபிகேட் நர்சின் மாதச் சம்பளத்தை அதனால் வகுத்தான். மூவாயிரத்து அறுநூறு கிலோ வந்தது. இப்போது வருவது மூவாயிரம். கூடுதல், மாதம் அறுநூறே அறுநூறு. நாற்பத்தெட்டாயிரத்தை அறுநூறால் வகுத்தால் எண்பது மாதம்.

"ஆறு வருஷம் எட்டு மாசம்" என்றான் அண்ணன். "படிப்பு ஒரு வருஷம். போட்ட காசு திரும்பி வர்றப்ப உனக்கு அம்பது ஆயிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்."

பதினான்கு வருடம் சேர்த்தது அந்தச் செலவுக்குச் சரியாக இருந்தது. போனால் கையில் ஒன்றுமில்லை. ஆசைக்காக அத்தனையும் இறைக்கிற ரகம் இல்லை அவர். விண்ணப்பத் தாளை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்தார். பிறகு எழுந்து, நான் கேட்காமலேயே என் துணிகளுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒளிப்பானேன்?

செவ்வாய்க்கிழமை எனக்குச் சலவைக்கூடத்தில் வேலை இருந்தது. கிழிந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுக்கிற வேலை எனக்கு அங்கே உண்டு. தைத்ததை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போன வழியில் மழை பிடித்துக்கொண்டது. நானும் நனைந்தேன், மூட்டையும் நனைந்தது. துவைக்கிற மெஷின் பக்கத்துத் தராசில் தூக்கி வைத்தேன். பதினெட்டு கிலோ.

எடை எழுதுகிறவர் பெரிய கண்ணாடிக்காரர். சிரித்தார். "ஈரத்துக்கெல்லாம் இங்க கணக்கு இல்லம்மா. காய வெச்சு அந்தப் பக்கத் தராசுல வை."

துணி காய வைக்கிற டிரம்மில் போட்டு எடுத்து வாசல் பக்கத் தராசில் வைத்தபோது அதே மூட்டை பன்னிரண்டு கிலோ இருந்தது.

"அப்ப எங்க அண்ணிக்குக் கூலி எந்தத் தராசுல?" என்றேன்.

"எல்லாருக்கும் இந்தத் தராசுதான். காஞ்ச துணிக்குத்தான் காசு. தண்ணிக்கு எவன் காசு குடுப்பான்? உங்க அண்ணி நோட்டுல எழுதுறாங்களே, அது வண்டில வர்ற ஈர எடை, மூணு கிலோ காஞ்சா ரெண்டு கிலோதான். அது அவங்க திருப்திக்கு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். என் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நின்றிருப்பார்கள். அண்ணி செலவை ஈரத் துணியில் போட்டிருக்கிறார். அண்ணன் காய்ந்த துணியின் கூலியைக் கேட்டு வரவைக் காய்ந்ததில் போட்டிருக்கிறான். காய்ந்ததிலிருந்து ஈரத்தைக் கழித்து, படிப்பு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் வேலைக்குப் போய்விட்டார்கள்!

பேருந்தில் உட்கார்ந்து, விண்ணப்பம் வாங்கியபோது கொடுத்த ரசீதின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் காய வைத்துப் போட்டுப் பார்த்தேன். அண்ணிக்கு இப்போது மாதம் இரண்டாயிரம் கிலோதான். செலவு முப்பத்திரண்டாயிரம். நர்ஸ் சம்பளம் மூவாயிரத்து அறுநூறு. கூடுதல் ஆயிரத்து அறுநூறு. போட்ட காசு திரும்ப இருபது மாதம் போதும். எண்பது எங்கே, இருபது எங்கே!

வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அண்ணி என் துணி மேசைப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். "நனைஞ்சுட்டியா? தலையத் துவட்டு, டீ போட்டு வெச்சிருக்கேன்" என்றார். நான் வாயை மூடி டீயைக் குடித்தேன்.

அந்த மூன்று நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, கை குறுகுறுத்தது. ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாக வெட்டிவிட்டேன். பொத்தான் துளையை எதிர்ப்பக்கம் போட்டேன். நானாக எனக்குள் வாதாடினேன். அவர்கள் கணக்கு, அவர்கள் தப்பு, என்னை யார் கேட்டார்கள்? நாற்பத்திரண்டு வயதில் பரீட்சை எழுதி என்ன ஆகப்போகிறது? அவர் படிக்கப் போனால் காலையில் யார் அடுப்பு மூட்டுவது?

சமையலும் இஸ்திரியும் வெளியில் சொல்லிக்கொள்கிற காரணங்கள். உள்ளே இருந்தது பயம். அந்த ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள். அண்ணனும் அண்ணியும் அங்கே போய்விடுவார்கள். நான் இந்த மூன்று அறையில் யாரோடு சண்டை போடுவேன்?

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டில் அண்ணி, "நாளைக்குத்தான் கடைசி நாள்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அண்ணன் தட்டைப் பார்த்தான். நானும் தட்டைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வாடிக்கைக்காரப் பெண் துணி வாங்க வந்தாள். அண்ணி இஸ்திரி போட்ட ரவிக்கையைத் தடவிப் பார்த்து, "கை ராசி உங்களுக்கு" என்றாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "என் கையும் இல்ல, ராசியும் இல்ல. எங்க அண்ணி கை" என்று கத்திவிட்டு, அவளை வாசலில் நிற்க வைத்தே கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

சலவைக்கூடத்தில் ஆவி மூஞ்சியில் அடித்தது. இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். "அண்ணி, செலவ ஈரத்துல போட்டீங்க. அண்ணன் வரவக் காஞ்சதுல போட்டான். எண்பது மாசம் இல்ல, இருபது மாசம்."

அண்ணி பெட்டியை நிமிர்த்தி வைத்தார். உதடு அசைந்தது. மூவாயிரம், இரண்டாயிரம், முப்பத்திரண்டு. ஈரத்துக்குக் கூலி கிடையாது என்பது அவருக்குத் தெரியாதது இல்லை. பதினான்கு வருடம் தெரிந்தே இருந்ததில் மறந்துபோனது. முகம் சிவந்துவிட்டது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "செவ்வாக்கிழமையே தெரியும்" என்றேன்.

"இப்ப மணி என்ன?"

"ரெண்டு அம்பது."

அண்ணி மேலங்கியை அவிழ்த்து மேசைமேல் வீசினார். "உன்னத் திட்டறத சாயந்தரம் வெச்சுக்கறேன். நட."

எட்டாக மடித்த விண்ணப்பம் அவர் கைப்பையில்தான் இருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தவர் அதை ஏன் வேலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலா இருந்தேன்? பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் அண்ணி உட்காரவில்லை. தான் நின்றால் வண்டி சீக்கிரம் போகும் என்பதுபோல் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொழிற்பள்ளி அலுவலகத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மூன்று ஐம்பத்திரண்டு.

அங்கிருந்த எழுத்தர் தாளின் மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டு மேலிருந்து கீழே படித்தார். கடைசியில் பேனாவால் ஓர் இடத்தைத் தட்டினார். "படிக்கிற காலத்துல வீட்டுப் பொறுப்ப ஏத்துக்கறவர் கையெழுத்து. இது இல்லாம வாங்க முடியாதுங்க. வீட்டுக்காரர் வரலையா?"

அண்ணி அண்ணனுக்கு ஃபோன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. "லிஃப்ட் குழிக்குள்ள இறங்கியிருப்பார். மேல வந்தாத்தான் எடுப்பார்" என்றார். குரல் உடைந்துவிட்டது. அண்ணி குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலாக இன்னும் மூன்று நிமிடம்.

நான் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

"உறவு என்னன்னு எழுதுங்க" என்றார் எழுத்தர். நாத்தனார் என்று எழுதினேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தானே போடறீங்க?"

"மூணு நாளா யோசிச்சேங்க" என்றேன்.

அவர் முத்திரையைக் குத்தினார்.

அன்று சாயந்தரம் விஷயம் தெரிந்ததும் அண்ணன் முதலில் சொன்னது, "பாத்தியா, நான் போட்ட வரவு சரியாத்தான் இருந்துது" என்பதுதான். அவனை என்ன செய்வது? அவன் குளிக்கப் போனதும் நான் அண்ணி முன்னால் போய் நின்றேன். திட்டு வரும் வரும் என்று காத்திருப்பது திட்டைவிடக் கொடுமை.

"திட்டிடுங்க அண்ணி."

"ஏன் மறைச்ச?"

"இஸ்திரிக்காக" என்றேன். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் அரை உண்மை செல்லாது. "நீங்க படிச்சு வேலைக்குப் போனா குவார்ட்டர்ஸ் போயிடுவீங்க. எனக்கு யாரு இருக்கா?"

"போகத்தான் போறேன்" என்றார் அண்ணி. "வேலை கிடைச்சு வீடு குடுத்தா விட முடியுமா? உன்னக் கூட்டிட்டுப் போறேனா, விட்டுட்டுப் போறேனான்னு இப்பச் சொல்ல மாட்டேன். மூணு நாள் கழிச்சுச் சொல்றேன்."

"அநியாயம் அண்ணி!"

"இருக்கட்டும். எதுக்கும் வழியில்லன்னு நெனச்சுட்டு நான் மூணு நாள் இருந்தேன்ல? நீயும் இருந்து பாரு."

இருந்து பார்த்தேன். சனிக்கிழமை மீதி இருந்த நூலையெல்லாம் சிக்கலாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பிடித்து, "உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். அவன் உதட்டைப் பிதுக்கினான். அண்ணியோ எப்போதும்போல் சாப்பாடு போட்டார், எப்போதும்போல் பேசினார். அதை மட்டும் பேசவில்லை. மூன்று நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அளவு நாடா வைத்திருக்கிற எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் மெஷினுக்கு வந்தார்.

"பெரிய சிஸ்டர்கிட்ட கேட்டுட்டேன். குவார்ட்டர்ஸ்ல மூணு ரூமாம். ஒண்ணுலதான் ஜன்னல் பெருசாம். அது தையல் மெஷினுக்கு."

இனிமேல்தான் வகுப்பில் சேர வேண்டும், ஒரு வருடம் படிக்க வேண்டும், பரீட்சை தேற வேண்டும், வேலை கிடைக்க வேண்டும். அதற்குள் அறை பிரித்துவிட்டு வந்து நிற்கிறார்! நான் மெஷின்மேல் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதுவிட்டேன். அண்ணி என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார்.

"அடுப்பே மூட்டலையா? பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டது யாருடி?"